பெறுநர்: முன்னோர்

விண்ணப்பத்தில் எல்லாமே ஒழுங்காகத்தான் இருந்தது. ட்ரோனின் எடை, சிறகின் நீளம், மோட்டாரின் சத்தம், பறக்கும் உயரம், காப்பீடு என்று ஒன்றும் விடவில்லை. 'விநியோகம்' என்ற வகையில் போட்டிருந்தார்கள். அனுப்புநர் பெயர் இருந்தது. பெறுநர் யார் என்று கேட்ட இடத்தில் மட்டும் 'முன்னோர்' என்று எழுதியிருந்தது.

விண்காவல் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. கோவைப் பூங்காக்களின் மேலே எது பறக்கலாம், எது பறக்கக் கூடாது என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் மென்பொருள் அது. அதற்குத் தெரிந்தது அரசாணைத் தமிழ் மட்டும். 'பெறுநரின் முகவரி முழுமையாக இல்லை. கதவு எண்ணுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்' என்று எழுதியிருந்தது. விண்ணப்பித்தவர் விடவில்லை, மேல்முறையீடு செய்தார். மேல்முறையீடு என்றால் மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று விதி. மேற்கு மண்டலப் பூங்காக்களுக்கு அந்த மனிதர் தாரணி.

தாரணி அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நாட்காட்டியைப் பார்த்தாள். அடுத்த வாரம் ஆடி அமாவாசை. சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். ட்ரோன்கள் பெருகிய புதிதில் ஆளாளுக்கு ஒரு தடை வாங்கினார்கள். வீட்டுக்கு மேலே பறக்கக் கூடாது, அந்தரங்கம் போகிறது. சாலைக்கு மேலே கூடாது, விழுந்தால் தலை போகிறது. பள்ளி, மருத்துவமனை, கோயில் எதற்கு மேலும் கூடாது. மிச்சம் இருந்தவை ரயில் பாதையும் வாய்க்காலும் பூங்காக்களும்தான். மரம் வழக்குப் போடாது அல்லவா? ஆகவே ஊரின் பிரியாணியும் மருந்தும் செருப்பும் சார்ஜரும் ரயில் பாதை மேலே வந்து, பூங்காவுக்கு மேலே தேங்கி நின்று, முறை வந்ததும் வாசலில் இறங்கின. பூங்காக்கள் வானத்தின் பேருந்து நிலையங்கள் ஆயின. விண்காவல் வருவதற்கு முன், மேற்கு மண்டலத்தின் ஒவ்வொரு அனுமதியையும் தாரணிதான் பார்த்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள். சத்தம் வரம்புக்குள் இருக்கிறதா, உயரம் சரியா, மனிதர்களுக்கு இடைஞ்சல் உண்டா என்று எல்லாம் கேட்டாள். காக்கைகளைக் கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

காக்கைகள் எப்போது போயின என்று யாரும் கவனிக்கவில்லை. இருக்கிறவரை கத்தல் தாங்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள்தானே நாம்! ஒரு அமாவாசை அன்றுதான் மொத்த ஊரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தது. இலையில் சோறு இருந்தது. எடுக்க ஆளில்லை.

தாரணியின் வீட்டில் அது வெறும் வருத்தமாக நிற்கவில்லை. அவள் அப்பா நாச்சிமுத்து போன பிறகு, அம்மா பத்மாவதி அமாவாசை தவறாமல் காக்கைக்குச் சோறு வைப்பார். காக்கை எடுத்த பிறகுதான் சாப்பிடுவார். அதற்கு முன் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. அம்மாவுக்குச் சர்க்கரை, தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவர். போன அமாவாசை அன்று வீட்டுக்குப் பக்கத்து வெள்ளிங்கிரி நகர்ப் பூங்காவில் இலையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றார். வெயில் சாய்கிற நேரத்தில் குழாயடியில் மயங்கி விழுந்தார். காவலாளி ஆறுச்சாமிதான் தூக்கிக்கொண்டு ஓடினார். கண் விழிக்க இரண்டு நாள் ஆயிற்று. "இன்னொரு தடவை இப்படி வந்தா நான் பொறுப்பில்லைங்க" என்று மருத்துவர் தாரணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

மேல்முறையீடு செய்தவர் மறுநாள் நேரில் வந்தார். விசாகன் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். பீளமேட்டில் தலைமுறையாகப் பம்ப்செட் மோட்டார் செய்த குடும்பம், இப்போது குடியிருப்பது மேற்கு மண்டலத்தில். கையில் கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை வைத்திருந்தார்.

"ஏனுங் மேடம், முன்னோர்னு போட்டது தப்புங்களா? உண்மையத்தானுங்க போட்டேன்."

"விநியோகம்னா பெறுநர் கையெழுத்து வாங்கணுங்க."

"அது கொஞ்சம் கஷ்டமுங்க" என்றார் விசாகன், சிரிக்காமல்.

பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். தாரணி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அசல் காக்கை. சாம்பல் கழுத்து, மினுக்கும் கண், கொஞ்சம் கலைந்த இறகு. விசாகன் அதன் முதுகைத் தொட்டதும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

"இதுல விசிறி கெடையாதுங்க. நெஜமாவே சிறகடிச்சுப் பறக்கும். எலை எங்க இருக்குன்னு அதுவே பாத்து எறங்கி, ரெண்டு வாய் எடுத்துட்டுப் போயிரும். தேங்கி நிக்கற ட்ரோன் எதோடயும் மோதாது."

"எடுத்த சோறு எங்க போகுது?"

"வயித்துல ஒரு பெட்டி இருக்குங்க. நெறஞ்சதும் குளத்துல மீனுக்குப் போட்டுட்டு வந்துரும். வீண் பண்ணறதில்லீங்க."

தாரணிக்கு அதைத் தொட்டுப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. "இது ஏமாத்தற வேலை இல்லைங்களா?"

"ஆர ஏமாத்தறனுங்க? மெசினுன்னு சொல்லித்தான் குடுக்கறேன்." விசாகனின் குரல் இறங்கியது. "எங்க சந்துல ஒரு அம்மா போன அமாவாசைக்கு எலைய வச்சுக்கிட்டுப் பொழுதோட வரைக்கும் நின்னுச்சுங்க. கா, கான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. அதப் பாத்துட்டுத்தான் இதச் செஞ்சேன். அந்த மோட்டாருக்குள்ள இருக்கற வேலை எனக்குத் தெரியும், சாமி சமாச்சாரம் எனக்குத் தெரியாதுங்க."

தன் அம்மாவும் அப்படி நின்றவர்தான் என்று தாரணி சொல்லவில்லை. சொன்னால் அனுமதி கொடுக்கிற கைக்கு மரியாதை போய்விடும் என்று தோன்றியது.

"அதுக்கு ஒரு மணி நேரம் ட்ரோனையெல்லாம் நிறுத்துனா நெச காக்காயே வராதுங்களா?" என்று விசாகனே கேட்டார்.

"நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லைங்க. தீப்பிடிச்சா நிறுத்தலாம். பறவை மோதிச் செத்தா நிறுத்தணும்னு ஒரு விதி இருக்கு. தரையில செத்த பறவை கெடந்தா விண்காவலே வானத்த மூடிரும், நான் போய்ப் பாத்து எழுதற வரைக்கும் திறக்காது. ஆனா மோதறதுக்கு மொதல்ல பறவை வேணுமே."

விசாகன் பொம்மைக் காக்கையைப் பெட்டிக்குள் எடுத்து வைத்தார். பிறகு தாரணி 'விநியோகம்' என்பதை அடித்துவிட்டு 'சோதனைப் பறத்தல்' என்று மாற்றினாள். ஆடி அமாவாசை மதியம், வெள்ளிங்கிரி நகர்ப் பூங்கா, ஒரு முறை. சோதனைப் பறத்தலுக்குப் பெறுநர் தேவையில்லை.

வீட்டில் விஷயத்தை உடைத்தபோது அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மெசின் காக்காயா?" கத்தி நின்றது. "ஏங் கண்ணு, உங்கப்பாவுக்கு மிக்சியில அரைச்ச சட்னியே எறங்காது. அம்மியில அரைச்சாத்தான் தட்டத் தொடுவாரு. அவருக்குப் போயி மெசின அனுப்பறியா?"

"அது சோத்த எடுத்தா நீ சாப்பிடுவியா, மாட்டியா? எனக்கு அது மட்டும் சொல்லு."

"எடுக்கட்டும், பாக்கலாம்."

"பாக்கலாம்னா என்னம்மா அர்த்தம்? போன மாசம் உன்ன அந்தக் கட்டில்ல பாத்துட்டு நான் எப்படி நின்னேன்னு உனக்குத் தெரியுமா? அப்பாவும் இல்ல. நீயும் போயிட்டா நான் ஆருகிட்டப் போயி நிப்பேன்?" தாரணிக்குக் குரல் உடைந்துவிட்டது. அலுவலகத்தில் பாறை என்று பெயர் வாங்கியவள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் தலையைத் தடவினார். "அழாத கண்ணு. உனக்கோசரம் வந்து பாக்கறேன்" என்றார். சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. தாரணி அதைக் கவனித்தாள்.

ஆடிக் காற்று அன்றைக்கும் சுழற்றி அடித்தது. பூங்காவின் கிழக்குச் சுவர் நெடுக இலைகள். பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கல். மெசின் காக்கை வருகிறதாம் என்று ஊருக்குள் பரவி, பக்கத்துத் தெருக்காரர்களெல்லாம் வந்திருந்தார்கள். சிலர் வேடிக்கை பார்க்க, பலர் வேறு வழியில்லாமல். தலைக்கு மேலே வழக்கம்போல ட்ரோன்கள் அடுக்கடுக்காக நின்று இரைந்துகொண்டிருந்தன. பேச வேண்டுமானால் கத்த வேண்டும்.

பத்மாவதி தன் இலையை விரித்தார். சோற்றில் பருப்பும் நெய்யும் ஊற்றி, செய்த பொரியல், கூட்டு எல்லாவற்றிலும் ஒவ்வொரு துளி சேர்த்து, கடைசியில் தயிரும் விட்டுப் பிசைந்த உருண்டை. அமாவாசைச் சோறு அப்படித்தான் இருக்கும். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. தாரணி தன் பையில் சர்க்கரைக் கரைசலை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"விடறனுங்க" என்றார் விசாகன்.

காக்கை அவர் கையிலிருந்து கிளம்பி வாகை மரத்தைச் சுற்றிவிட்டு வந்தது. கூட்டம் 'ஆ' என்றது. ஒரு கிழவர் கும்பிட்டார். அது நேராக வந்து பத்மாவதியின் இலைமுன் இறங்கியது, நேராக நடந்தது, அலகை நீட்டி நல்ல பெரிய வாயாக ஒன்று எடுத்தது.

தாரணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினார்.

"இல்ல கண்ணு."

"என்ன இல்ல? எடுத்துருச்சேம்மா!"

"காக்கா இப்படி நேரா வராது. ஒண்ணரைக் கண்ணுல பாக்கும். பக்கவாட்டுல தத்தும். கிட்ட வந்துட்டுப் பின்னால போகும். சந்தேகப்படாம எந்தக் காக்காயும் எலையில வாய் வெக்காது. இது பாரு, ஒரு தடவ கத்துச்சா? மத்ததுகளக் கூப்பிட்டுச்சா? உங்கப்பா ஒரு முறுக்கத் தனியாத் தின்ன மனுசனா?" அம்மா விசாகன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க நல்ல மனசோட செஞ்சீங்க. நொம்ப நல்லா இருக்குது. ஆனா இது அவரில்ல."

விசாகன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் காக்கை எழும்பியது. இரண்டாள் உயரம் போனதும் ஒரு சிறகு நின்றுபோனது. இன்னொன்று தவித்துத் தவித்து அடித்தது. அப்படியே சுழன்று புல்வெளியின் நடுவில் மல்லாந்து விழுந்து, கால்களை மேலே தூக்கியபடி கிடந்தது.

"அட கெரகமே!" விசாகன் ஓடினார். குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நெய்யுங்க! தயிரும் நெய்யும் போயிச் சிறகு மூட்டுல அப்பிக்கிச்சு. நான் வெறுஞ்சோத்த வச்சே சோதிச்சுட்டேனுங்க. நான் சாப்பிடற மெஸ்ஸுல அதத் தவிர வேற என்ன போடறாங்க!"

அந்தக் கணத்தில்தான் மேலே இருந்த இரைச்சல் மாறியது. ஒவ்வொரு அடுக்காக ட்ரோன்கள் விலகின. பிரியாணியும் மருந்தும் செருப்பும் ரயில் பாதைப் பக்கம் ஒதுங்கி வேறு வழி பிடித்துப் போயின. தாரணியின் கைபேசி அதிர்ந்தது.

'வெள்ளிங்கிரி நகர்ப் பூங்காவில் தரையில் இறந்த பறவை ஒன்று காணப்படுகிறது. வான்வெளி மூடப்பட்டது. அலுவலர் நேரில் ஆய்வு செய்து உறுதிப்படுத்தவும்.'

விசாகன் அத்தனை அசலாகச் செய்திருந்தார். விண்காவலின் கேமராவே நம்பிவிட்டது.

தாரணி அண்ணாந்து பார்த்தாள். வானம் வெறும் நீலமாக இருந்தது. காற்றில் வாகை நெற்றுகள் சலசலக்கும் சத்தம் கேட்டது. இந்தப் பூங்காவில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. சுவரோரம் நின்றவர்கள் தாங்கள் கத்திப் பேசுவதை உணர்ந்து ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்தினார்கள்.

ரயில் பாதைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கா.

யாரும் அசையவில்லை. எங்கிருந்தோ வந்த ஒற்றைக் காக்கை விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து, புல்லில் கிடந்ததைப் பார்த்துக் கத்தியது. அது சாதாரணக் கத்தல் இல்லை. ஒரு காக்கை செத்துக் கிடந்தால் இன்னொன்று எப்படிக் கத்தும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதில் வந்தது. பதிலுக்குப் பதில் வந்தது. குப்பைக் கிடங்கிலிருந்தும் குளக்கரையிலிருந்தும் மில் கூரைகளிலிருந்தும் கறுப்புக் கறுப்பாகக் கிளம்பி வந்தன. கம்பம், சுவர், வாகை, ஊஞ்சல் சங்கிலி எங்கும் காக்கைகள். ஒழிந்தே போய்விட்டதாக நினைத்த ஒரு இனம் துக்கம் விசாரிக்க வந்து இறங்கியது.

ஆறுச்சாமி அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

தாரணிக்குப் பணி நினைவு வந்தது. விதிப்படி அலுவலர் இறந்த பறவையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். புல்லில் இறங்கிப் போனாள், பொம்மையைத் தூக்கினாள். தூக்கியிருக்கக் கூடாது.

அத்தனை காக்கைகளும் ஒரே சமயத்தில் வாயை மூடின. கையில் பிணத்தோடு நிற்கும் ஒருத்தியை அவை பார்த்தன. அடுத்த நொடி முதல் கொத்து அவள் உச்சந்தலையில் விழுந்தது.

"ஓடு கண்ணு! நீதான் கொன்னுபோட்டேன்னு நெனைக்குது!" என்று அம்மா கத்தினார்.

தாரணி ஓடினாள். துப்பட்டா ஒருபக்கம், செருப்பு ஒருபக்கம். மேற்கு மண்டலப் பூங்கா வான்வெளி அனுமதி அலுவலர், கக்கத்தில் ஒரு இயந்திரக் காக்கையை இடுக்கிக்கொண்டு, அசல் காக்கைகளிடம் அடி வாங்கியபடி காவலாளி அறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினாள். வெளியே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை அவள் கேட்டதேயில்லை.

அறையில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள். பிணம் கண்ணிலிருந்து மறைந்ததும் காக்கைகளின் கோபம் மெல்ல அடங்கியது. சில பறந்துபோயின. சில சுவரில் நின்று இறகு கோதின. ஒன்று அம்மாவின் இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. ஒன்றரைக் கண்ணால் பார்த்தது. பக்கவாட்டில் ஒரு தத்து. பின்னால் இரண்டு தத்து. அம்மா கையைக் கட்டிக்கொண்டு சிலையாக நின்றார்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. 'இது பறவையா? ஆம் / இல்லை.'

இல்லை என்று தொட்டால் போதும், வானம் திறந்துவிடும். ட்ரோன்கள் அடுத்த நிமிடம் திரும்பி வரும். ஆம் என்று தொட்டால் பொய். தாரணி இதுவரை ஒரு கோப்பிலும் பொய் எழுதியதில்லை. அதற்காக இன்று அவசரப்பட வேண்டும் என்றும் விதி இல்லையே! ஆய்வு முழுமையாக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அவள் உட்கார்ந்தாள். அலகின் நிறம் என்ன, நீளம் என்ன. கழுத்தின் சாம்பல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. கால் நகம் எப்படி வளைந்திருக்கிறது. மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டார். "ஆய்வு நடந்துட்டிருக்குங்க சார்" என்றாள். உணவு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் அதையே சொன்னாள். தன் பணிக்காலத்தில் இத்தனை நுணுக்கமான அறிக்கையை அவள் எழுதியதில்லை. ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஜன்னலைப் பார்த்தாள்.

காக்கை சோற்றில் வாய் வைத்தது. தலையைத் தூக்கிக் கத்தியது. சுவரில் இருந்தவை வந்தன.

அம்மா குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். தூக்குப்போசியைத் திறந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காக்கைகளைப் பார்த்துக்கொண்டே முதல் வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய். மூன்றாவது. தாரணிக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டாள், மறுபடி மறைத்தது. அம்மா கடைசிப் பருக்கையை வழித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். சுவர் நெடுக மற்றவர்களும் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு 'இல்லை' என்று தொட்டாள். வானம் திறந்தது, இரைச்சல் வந்தது, காக்கைகள் போயின.

ஆய்வு ஏன் அத்தனை நேரம் நீண்டது என்று விளக்கம் கேட்டார்கள். அறிக்கையைப் படித்துப் பார்க்குமாறு பதில் எழுதினாள். யாரும் முழுதாகப் படிக்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

சில நாள் கழித்து விசாகன் வந்தார். கையில் பெட்டி இல்லை.

"காக்கா விண்ணப்பத்தத் திரும்ப வாங்கிக்கறனுங்க. பதிலுக்கு இன்னொண்ணு போட்டிருக்கேன். உங்க விதிப் புத்தகத்த முழுசாப் படிச்சேன். ஆராச்சும் முன்கூட்டியே பதிவு பண்ணா, பூங்காவோட மொத்த வானத்தையும் ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக்கலாமுங்க. சினிமாக்காரங்களுக்காகப் போட்ட விதி."

"எடுத்து என்ன பறக்க விடப் போறீங்க?"

"ஒண்ணுமில்லீங். சும்மா வச்சிருப்போம். எங்க தெருக்காரங்க, பக்கத்துத் தெருக்காரங்க எல்லாம் சேந்துக்கறாங்க."

தாரணி திரையைத் திருப்பிப் பார்த்தாள். பறக்கும் பொருள்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் 'சுழியம்' என்று இருந்தது. விண்காவல் அதை ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தது. எதுவுமே பறக்காத விண்ணப்பத்தில் அது என்ன தப்புக் கண்டுபிடிக்கும்?

அம்மாவுக்கு வெள்ளிங்கிரி நகரில் வானம் கிடைத்தது. ஆவணி அமாவாசைக்குக் காக்கைகள் வந்தன, அம்மா மதியமே சாப்பிட்டார். மற்றவர்களுக்கு எல்லாமே அத்தனை சுலபமாக அமையவில்லை. புரட்டாசி அமாவாசை அன்று ஊரின் மறுகோடியில், சிங்காநல்லூர்ப் பக்கத்துப் பூங்கா ஒன்றிலும் வானத்தைப் பதிவு செய்திருந்தார்கள். மதியம் தாரணிக்கு அங்கிருந்து விசாகனின் அழைப்பு வந்தது.

"மேடம், வானம் சுத்தமா இருக்குதுங்க, காக்காய்தான் ஒண்ணையுங் காணோம். எல்லாரும் எலைய வச்சுட்டு நிக்கறாங்க. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுங்களா?"

"நான் வந்து என்ன பண்ணப் போறேன்?"

"வாங்க, சொல்றேன். வண்டிய விட்டு எறங்குனதும் ஹெல்மெட்டக் கழட்டிருங்க."

தாரணிக்குப் புரிந்தது. ஆடி அமாவாசைக்குப் பிறகு அவள் வீட்டு வாசலில் நிம்மதியாக நடந்ததில்லை. ட்ரோன்களின் இரைச்சலையும் பொருட்படுத்தாமல் எங்கிருந்தாவது இரண்டு காக்கைகள் வந்து, அவளைப் பார்த்துத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் போகும். துப்பட்டா மாற்றினாலும் முடியை மாற்றிக் கட்டினாலும் விடுவதில்லை. முகம் அவற்றுக்கு மனப்பாடம். தலைக்கவசம் போட்டால் மட்டும் கண்டுகொள்வதில்லை.

ஆனால் அவை வீட்டுப் பக்கத்துக் காக்கைகள். சிங்காநல்லூர்க் காக்கைகளுக்கு அவளை எப்படித் தெரியும்? விசாகனுக்கு ஆசை மிஞ்சிவிட்டது என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

பூங்காவில் வெயிலும் அமைதியும் இருந்தன. சுவரோரம் இலைகள், இலைகளுக்குப் பின்னால் மனிதர்கள். எல்லோரும் காலியான வானத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். புல்வெளியின் நடுவே போய் நின்று, தெரியாத மனிதர்கள் முன்னால் முட்டாளாக நிற்பதை எண்ணிக் கூசிக்கொண்டு, முகத்தை உயர்த்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நீர்த்தொட்டியின் மேலிருந்து ஒரு காக்கை எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. திடீரென்று தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தது. அந்தக் கத்தலை அவள் நன்றாக அறிவாள். குளத்துப் பக்கமிருந்து பதில்கள் எழுந்தன.

"இதுங்கள்ல பாதி இந்த வருசத்துக் குஞ்சுங்க மேடம், வாய்க்குள்ள செவப்பு இன்னும் மாறல" என்று விசாகன் மெல்லச் சொன்னார். "அன்னிக்கு அங்க வந்திருக்கவே முடியாது. ஒண்ணுக்கொண்ணு சொல்லி வச்சிருக்குதுங்க. இன்ன மூஞ்சி, இன்ன பொம்பளைன்னு ஊர்க் காக்காய் அத்தனைக்கும் சொல்லிருச்சுங்க."

முதல் கொத்து விழுந்தது. தாரணி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. தலையில் காக்கை தட்டினால் ஆகாது என்பார்கள், சனி என்பார்கள், வீட்டுக்குப் போய்த் தலை முழுகச் சொல்வார்கள். இங்கே யாரும் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவளைத் திட்டித் திட்டிக் களைத்த காக்கைகள் சுவரில் இறங்கின. இறங்கியவை இலைகளை ஒன்றரைக் கண்ணால் பார்த்தன. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த இலைகளில் தத்தித் தத்தி வந்து வாய் வைத்தன.

சுவரின் கடைசி மூலையில் ஒரு பெண் நின்றிருந்தாள். தாரணியின் வயதுதான் இருக்கும். இடுப்பில் தூங்குகிற குழந்தை, முன்னால் ஒரே ஒரு இலை. அந்த மூலைக்கு எந்தக் காக்கையும் வரவில்லை. அவள் தயங்கித் தயங்கி வந்து தாரணியின் எதிரே நின்றாள்.

"மேடம், தப்பா நெனைச்சுக்காதீங்க. இது எங்க வீட்டுக்காரருக்கு மொத அமாவாசைங்க" என்றாள். "கொஞ்சம் எங்க எலைப் பக்கமா வந்து நிக்கறீங்களா?"

தாரணி முகத்தில் விழுந்திருந்த முடியை நன்றாக ஒதுக்கி விட்டுக்கொண்டு, அவளோடு நடந்து, அந்த இலைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.